இடது தண்டு, மூன்றாம் இடம்

என் மாமா லிபோரியோவுக்கு அறுபத்து மூன்று வயது. பியெத்ராமாராவில் குப்பை எடுக்கும் மூன்று சக்கர வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். லாரி எங்கள் தெருக்களில் நுழையாது. பாதித் தெருக்கள் படிக்கட்டுகள். படி தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு மேலே ஏறுவார். வீட்டுக் கதவுகளில் தொங்கும் பைகளை இரண்டு கைகளிலும் கோத்துக்கொண்டு இறங்குவார். திங்கள் சமையல் கழிவு, செவ்வாய் பிளாஸ்டிக், வியாழன் காகிதம். பையின் கனத்தை வைத்தே யார் வீட்டுக்கு தூரினோவிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். தவறான நாளில் தவறான பை தொங்கினால் தெருவில் நின்றபடியே சத்தம் போடுவார்.

"சிஞ்ஞோரா, இன்னிக்குக் காகிதம்! இது ஆட்டெலும்பு! ஆட்டெலும்புல எந்தப் பேப்பர் அச்சடிக்கிறாங்க?"

"எடுத்துட்டுப் போயேன் லிபோரியோ, செத்துப்போன உங்கம்மாவுக்குப் புண்ணியமாப் போகும்."

"எங்கம்மா சொர்க்கத்துலயும் தரம் பிரிச்சுத்தான் போடுறாங்க!"

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பலெர்மோவில் மூன்று வருடம் இயன்முறை மருத்துவம் படித்துவிட்டு, இப்போது ஊரில் முதியவர்களின் முழங்கால்களை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறேன். படித்தது எதற்கு உதவுகிறது, எதற்கு உதவவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் தோள்தான் நினைவுக்கு வருகிறது. இந்த ஜூனில் நடந்த அந்த விஷயத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது நல்ல பங்கு என்று சொல்ல மாட்டேன்.

புனித ஒனோஃப்ரியோவின் சப்பரத்தைத் தோளில் சுமக்க இரண்டு தண்டுகள். தண்டுக்குப் பன்னிரண்டு பேர். ஜூன் இரண்டாவது சனிக்கிழமை மாலை புனிதரை மேல்கோயிலிலிருந்து ஊற்றடிக் கோயிலுக்கு இறக்குவோம். ஞாயிறு காலை திரும்ப ஏற்றுவோம். வழி முழுக்கச் சரிவு. சப்பரம் சாயக்கூடாது என்பதால் ஆட்களை உயர வரிசையில் நிறுத்த வேண்டும். இறங்கும்போது நெட்டைகள் முன்னால், குட்டைகள் பின்னால். ஏறும்போது அப்படியே தலைகீழ். எண் மட்டும் மாறாது; நெட்டைப் பக்கத்திலிருந்து எண்ணுவோம். மாமா இடது தண்டில் மூன்றாவது ஆள். முப்பத்தாறு வருடமாக மூன்றாவது.

அதற்கு முன் அவருக்கு எந்த எண்ணும் இருந்ததில்லை. பதினெட்டு வயதில் ஜெர்மனிக்குப் போய் ஒரு செங்கல் சூளையில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, இருமலோடு திரும்பி வந்தார். வந்த புதிதில் ஊரில் பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. அந்த வருடம் தோளளவு எடுத்தபோது அவருக்கு இடது மூன்று விழுந்தது. அவருக்குப் பின்னால், நான்காவது இடத்தில், ஊர்ப் பெரிய மனிதரான நோட்டரியின் மகன். சப்பரம் போகும் வழி முழுக்க நோட்டரியின் மகன் குத்தகைக்காரன் மகனான மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தான். நோட்டரியின் மகன் பிறகு மிலானோவுக்குப் போய்விட்டான். மாமா மூன்றாம் இடத்தில் இருந்தார். இன்றும் ஊரில் வேறு இரண்டு லிபோரியோக்கள் இருக்கிறார்கள். மாமாவைச் சொல்ல வேண்டுமென்றால் "இடது மூணு" என்பார்கள்.

தோளை அளப்பது மேல்கோயிலின் பக்க அறை வாசலில். அங்கே கல் நிலையில், ஒரு விரல் அகல இடைவெளியில், இருபது கோடுகள் செதுக்கியிருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றால் தோள் கீழிருந்து எத்தனையாவது கோட்டுக்கு வருகிறதோ அதுதான் உங்கள் கோடு. ஒருமுறை அளந்தால் அறுபது வயது வரை அது மாறாது. அறுபதுக்கு மேல் ஒவ்வொரு மே மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், எல்லார் முன்னாலும் புதிதாக அளப்பார்கள். ஆண்கள் சுருங்குகிறார்கள் என்பது சப்பரம் தூக்கும் இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மாமாவின் கோடு பதினேழு. கடந்த இரண்டு வருடங்களும் அளந்தவர் சங்கத் தலைவர் பல்தஸ்ஸாரே. ஓய்வு பெற்ற தபால்காரர், இரண்டு கண்ணிலும் புரை. மாமா "பதினேழு" என்பார், அவர் "பதினேழு" என்று எழுதிக்கொள்வார். இந்த வருடம் பல்தஸ்ஸாரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எனக்குக் கோடும் தெரியல, தோளும் தெரியல. நீதான் எலும்பு படிச்ச பொண்ணாச்சே, இந்த வருஷம் நீ அள."

பெருமையாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு, மாமா வீட்டில் சாப்பாடு. பெருஞ்சீரகத் தழை போட்ட பாஸ்தாவைத் தட்டுகளில் வைத்துக்கொண்டே ஜெர்லாண்டா அத்தை என்னிடம் முறையிட்டார்.

"இவன் கால்சட்டையப் பாரு. எல்லாம் தரையக் கூட்டுது. இவன் வேலைய இப்ப அதுவே பாத்துக்குது."

"துணி நீண்டிருக்கும்" என்றார் மாமா.

"துவைச்சா துணி சுருங்கும் லிபோரியோ. நீண்டு நான் பாத்ததில்ல."

சாப்பிட்ட பிறகு மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, சுவரோடு ஒட்டி நின்று, என் பையிலிருந்த டேப்பை எடுக்கச் சொன்னார். அளந்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். அப்படியும் இரண்டு விரல் குறைந்தது.

"முதுகெலும்பு மாமா. நடுவுல இருக்கிற தட்டு சப்பையாகுது. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"எல்லாரும் இடது மூணு இல்லையே."

பதினைந்தாம் கோடு என்றால் எட்டாம் இடம். அவர் அதை ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"மே மாசம் நீதானே அளக்கப்போற?"

"ஆமா மாமா."

"சரி" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கேட்டது அத்தைதான், வாசல்வரை கூடவே வந்து.

"எட்டாவது எடத்துக்குப் போனா யாரும் செத்துட மாட்டாங்க, எனக்குத் தெரியும். ஆனா அந்த மூஞ்சிய வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு நான் எப்படி வருஷம் பூரா இருக்கிறது? அளக்கிற கட்டைய ரெண்டு விரல் தூக்கிப் பிடியேன்டி. கட்டைக்கு என்ன தெரியப் போகுது?"

"அத்தை, எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"பாக்கிறவங்க எல்லாம் கண்ணு தெரிஞ்சவங்களா?"

அந்த ஒரு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. தூக்கிப் பிடித்தால் பொய். பிடிக்காவிட்டால், இந்த ஊரில் மாமாவுக்கு இருந்த ஒரே எண்ணை அவர் அக்கா மகளே, அதுவும் படித்த படிப்பைக் கொண்டு, அழித்ததாகும்.

மே முதல் ஞாயிறு. அறுபது தாண்டியவர்கள் மூன்று பேர். மாமா முதல் ஆளாக வந்து காலணிகளைக் கழற்றிவிட்டு வாசற்படியில் ஏறி நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அளவு மரக்கட்டையை அவர் தோளில் மட்டமாக வைத்து, அதன் முனை நிலையைத் தொடும் இடத்தைப் பார்த்தேன். பதினேழு. கட்டையை எடுத்து மறுபடியும் வைத்தேன். சரியாகப் பதினேழு. நான் எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை.

"பதினேழு" என்றேன். கூட்டம் கை தட்டியது. மாமா நிலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அத்தை நின்ற பக்கம் பார்த்து, "துணிதான் நீண்டிருக்கு!" என்றார்.

அடுத்து இரண்டு பேர், வலது தண்டின் குட்டைப் பக்கத்து ஆட்கள். இரண்டு பேரும் போன வருடத்தைவிட ஒரு கோடு ஏறியிருந்தார்கள்.

"மழை நல்லா பெஞ்சிருக்கு" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். உயரமாகிவிட்டாய் என்று சொன்னால் எந்த ஆண் மறுத்துப் பேசுவான்?

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். பழைய வாசற்படி நூற்றாண்டுகளாக மிதிபட்டு, நடுவில் தட்டு மாதிரி குழிந்திருக்கும். அது விரிசல் விட்டுவிட்டதென்று இந்தக் குளிர்காலத்தில் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதுக் கல் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கல், வழவழவென்று, மட்டமாக. குழியே இல்லை. அந்தக் குழியின் ஆழம் இரண்டு விரல் இருந்திருக்கும்.

ஆள் சுருங்கிய அளவுக்குக் கல் உயர்ந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். அளவெழுதும் பேரேடு என் கையில்தான் இருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மாமா காலணி நாடாவை முடிந்துகொண்டு ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார். கோடு காட்டியதை எழுதினேன். எழுதியது எதுவும் பொய் இல்லை. அப்படியானால் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜூன் சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு மணியடித்ததும் சப்பரத்தைத் தூக்கினார்கள். நான் தண்ணீர்ப் பாட்டில்களோடு இடது பக்கமாக நடந்தேன். மாமா மூன்றாவது, அவருக்குப் பின்னால் நான்காவதாக ரொசோலினோ. முப்பத்தெட்டு வயதுக் கொத்தனார், கையும் கழுத்தும் மாடு மாதிரி. புது வாசற்படியைப் போட்டவனும் அவன்தான்.

புனிதர் லேசாக இருந்தால் அது நல்ல வருடம், கனத்தால் யாரோ போகப்போகிறார்கள் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. அதனால் வழியெல்லாம் பால்கனியிலிருந்து கேட்பார்கள். முதல் வளைவு திரும்பியதுமே மாமா, யாரும் கேட்காமலே கத்தினார்.

"லேசா இருக்காரு! இந்த வருஷம் இறகு மாதிரி இருக்காரு!"

பால்கனிகளில் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் தெருவில் இறங்கி ஓடியது. அடுத்த வளைவில் எங்களைப் பார்த்ததும், "லேசாமே!" என்றார்கள். மாமாவின் முகம் அப்படிப் பளபளத்து நான் பார்த்ததில்லை. அவர் தோளில் துணிச் சும்மாடு இருந்தது, அதற்கு மேலே தண்டு இருந்தது. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. தண்டு அவர் சும்மாட்டை எப்போதாவது ஒருமுறை உரசிவிட்டுப் போனது.

பின்னால் ரொசோலினோவின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்று தலையாட்டினான்.

ஊற்றடிக் கோயிலில் புனிதரை இறக்கி வைத்ததும், வழக்கம்போல் பக்கத்துக் கூடத்தில் இருபத்து நான்கு பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். பல்தஸ்ஸாரே உப்புப் போட்ட வினிகர்ச் சட்டியோடு வரிசையாக வந்தார். தோல் உரிந்த தோளில் நனைத்த துணியை அழுத்துவார், அந்த ஆள் அலறுவான், கூடம் சிரிக்கும்.

"ஐயோ! தலைவரே, இது வினிகரா, பேட்டரித் தண்ணியா?"

"கத்தாதடா, உன் பொண்டாட்டி வெளிய நிக்கிறா. வருஷம் பூரா சொல்லிக் காட்டுவா."

ரொசோலினோவின் தோள் பச்சைக் கறியாக இருந்தது. துணி பட்டதும் புனிதரின் தாடியை வைத்து ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். கூடம் அதிர்ந்தது. அடுத்து மாமா. பல்தஸ்ஸாரே துணியை அழுத்தினார்.

சத்தமே இல்லை.

மாமா தன் தோளைக் குனிந்து பார்த்தார். காய்ந்த, வெளுத்த தோல். ஒரு சிவப்புக்கூட இல்லை. பிறகு பக்கத்தில் ரொசோலினோவின் தோளைப் பார்த்தார். அதற்கும் பிறகு, ரொம்பத் தாமதமாக, "ஆ!" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள். ரொசோலினோ ஈரத் தோளின் மேலேயே சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு, "பசிக்குது, போலாமா?" என்றான்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. மாமா ஊற்றுத் தொட்டியருகே நின்று முகம் கழுவினார். நான் துண்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"உண்மையச் சொல்லு. பதினேழு எப்படி வந்துச்சு? நீ தூக்கிப் பிடிச்சியா?"

"இல்ல மாமா."

"உங்க அத்தை சொன்னாளா?"

"சொன்னாங்க. நான் பிடிக்கல. வாசற்படிதான். புதுக் கல்லு. பழசு குழிஞ்சிருந்துச்சு இல்லையா, இது ரெண்டு விரல் ஒசரம்."

அவர் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். இரண்டு விரலைச் சேர்த்துத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப கல்லுதான் ஏறியிருக்கு. நான் ஏறல."

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"அன்னிக்கே தெரிஞ்சும் எழுதுனியா?"

"கோடு காட்டுனதத்தான் மாமா எழுதினேன்."

"இதத்தான் பலெர்மோவுல மூணு வருஷம் சொல்லிக் குடுத்தாங்களா?"

அவருக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்; அது முழு உண்மை இல்லை என்று எனக்கே தெரிந்தது. அந்தக் கைதட்டல் எனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது.

"அவன் என் பாரத்தையும் சேத்துத் தூக்கிட்டு வந்தான்" என்றார். "நான் இறகு, இறகுன்னு ஊர் பூரா கத்திக்கிட்டு வந்தேன். அவன் காதுகிட்டயே." துண்டை என் கையிலிருந்து பிடுங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மாமா வரமாட்டார் என்று நான் நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்திருந்தார். காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டதாக எனக்குப் போன் செய்தார். நான் ஊற்றடிக்கு வந்தபோது ஆட்கள் தண்டடியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஏறும் நாள் என்பதால் நெட்டைகள் பின்னால். மூன்றாம் இடம் காலியாக இருந்தது. மாமா முன்பக்கம், எட்டாம் இடத்தில், பள்ளி பஸ் ஓட்டுபவனைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க எடம் பின்னால" என்றான் அவன்.

"இதான் என் எடம். ஒரு எடம் தள்ளிப் போ."

"யார் சொன்னது?"

"என் முதுகெலும்பு சொன்னது. நகருடா."

பல்தஸ்ஸாரே தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வந்தார். "லிபோரியோ, லிஸ்ட்ல மூணுன்னு இருக்கு."

"லிஸ்ட்டக் கல்லு எழுதியிருக்கு, தலைவரே. உங்க புது வாசற்படி ரெண்டு விரல் ஒசரம். அதுல நின்னா நீங்ககூடப் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற அளவுக்கு வளந்துடுவீங்க. போட்டவன் அதோ நிக்கிறான், கேளுங்க."

எல்லாரும் ரொசோலினோவைப் பார்த்தார்கள். அவன் வாசற்படியை மனதுக்குள் அளந்தான் போல. "நான் மட்டம் பாத்துத்தானே போட்டேன்" என்றான்.

"மட்டமாப் போட்டதுதான் தப்பு" என்றார் மாமா. சிரிப்பு வலது தண்டுவரை போனது. போன மாதம் வளர்ந்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

நான் முன்பே அறிந்திருந்தேன் என்பதை அவர் சொல்லவில்லை. நான் சொல்ல வாய் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "தண்ணி பாட்டில் எத்தனை இருக்கு?" என்று கேட்டார். எட்டு என்றேன். "போய் இன்னும் நாலு எடுத்துட்டு வா" என்றார்.

நான்கு முதல் எட்டுவரை இருந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஓரிடம் நகர வேண்டியிருந்தது. ரொசோலினோ மட்டும் நகர மறுத்தான்.

"லிபோரியோ மாமா, மூணுல நான் நிக்க மாட்டேன். காலியாவே இருக்கட்டும்."

"நேத்தே நீதான்டா மூணு. நாலையும் சேத்துத் தூக்குன. நில்லு."

அவன் நின்றான். இடது தோள் நேற்றே உரிந்திருந்ததால் இரண்டு சும்மாடு கேட்டு வாங்கிக்கொண்டான்.

மணி அடித்தது, தூக்கினார்கள். முதல் ஐம்பது அடிக்குள்ளேயே மாமாவின் கால் இரண்டு முறை பின்னியது. முப்பத்தாறு வருடம் நெட்டைகளோடு எட்டி நடந்தவர். முன்பக்க ஆட்களின் காலடி சிறியது, வேகமானது, அவர்கள் வாயும் அப்படியே.

"மாமா, அடிய சின்னதா வைங்க. என் குதிகாலுக்கு இன்ஷூரன்ஸ் இல்ல" என்றான் அவருக்கு முன்னால் நடந்தவன்.

"நீங்கல்லாம் நடக்கிறீங்களா, தையல் மிஷின் ஓட்டுறீங்களா?"

முடிதிருத்தும் கடை வளைவில் தெரு செங்குத்தாக ஏறுகிறது. அங்கே யாரும் பேச மாட்டார்கள். நான் அவர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சும்மாடு நசுங்கி, பாதியளவாகத் தோளுக்குள் இறங்கியிருந்தது. அவர் வாய் கோணிப்போயிருந்தது. பால்கனியிலிருந்து கிழவி ஒருத்தி, "லிபோரியோ, இன்னிக்கும் லேசா?" என்று கேட்டாள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

பின்னாலிருந்து ரொசோலினோவின் குரல் வந்தது.

"லிபோரியோ மாமா! கனம் வருதா?"

மாமா மூச்சை இழுத்துப் பிடித்து, தலையைத் திருப்பாமலே கத்தினார்.

"வருதுடா! வாய மூடிட்டு நட!"

மேல்கோயில் வாசலுக்கு இன்னும் நூற்றுப் பதினோரு படிகள் இருந்தன.